குச்சிக்குப் புகை, போத்தலுக்குக் குச்சி

சாராயத்துக்கு நேரே புகை பிடிக்க வேண்டாம். மரக்குச்சிக்குப் புகை பிடியுங்கள். புகை ஏறிய குச்சியைச் சாராயத்தில் ஊறப் போடுங்கள். சாராயத்துக்குப் புகை மணம் ஏற்றுவது எப்படி என்று என்னிடம் கேட்டு வருகிறவர்களுக்கு வாசலில் நின்றபடியே இவ்வளவைத்தான் சொல்லி அனுப்புவேன். அவர்கள் போய்ச் செய்துவிட்டு, தார் மணக்கிறது என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பி வருகிறார்கள். ஆகையால் எந்த மரம், எந்தப் புகை, எத்தனை கிராம், எத்தனை நாள் என்று ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

நான் தச்சன். மாங்குளம் – முல்லைத்தீவு வீதியில் ஒட்டுசுட்டானுக்குக் கிட்டப் பட்டறை. எனக்கு மரம்தான் தொழில். சாராயம் அந்தி நேரத்து விஷயம். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிற மச்சான்மார் ஸ்கொட்லாந்தின் ஐலே தீவு விஸ்கியைக் கொண்டுவந்து ஆளுக்கு ஒரு மிடறு கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதன் பிறகு எங்கள் பனஞ்சாராயத்துக்கும் அதன் புகை மணத்தை ஏற்ற முடியாதா என்று ஊரில் ஒரே பேச்சு. ஏற்றலாம். அதற்கு வேண்டிய சாமான் எல்லாம் வன்னியில் ஒவ்வொரு வளவிலும் கிடக்கிறது.

முதலில் ஒரு விஷயத்தைத் தீர்த்துவிடுகிறேன். வீட்டில் வடிப்பதைப் பற்றி நான் எழுதவில்லை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வடிப்பது 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். அதை விடப் பெரிய காரணம் மெதனோல். அது சாதாரண மதுசாரத்தைப் போலவே நிறமில்லாதது; நாக்கால் பிரித்தறிய முடியாது; 10 மில்லிலீற்றர் அளவே கண்பார்வையைப் பறிக்கப் போதும். களவாக வடித்த கசிப்பின் நாற்றத்தை மறைக்கப் புகை போடலாமா என்று ஒருவர் கேட்டார். நாற்றம் மறையும், நஞ்சு மறையாது. கரியில் வடிகட்டினாலும் மெதனோல் போகாது. தவறணைக்கோ அனுமதி பெற்ற கடைக்கோ போய் முத்திரை ஒட்டிய போத்தலை வாங்குங்கள். வயது 21 ஆகாதவர்களுக்கு அங்கேயும் கிடைக்காது. பௌர்ணமிப் போயா தினத்தில் யாருக்கும் கிடைக்காது. இந்தக் குறிப்பில் வீட்டில் நடப்பது பதப்படுத்தலும் புகையூட்டலும் மட்டும். அதுவும் உங்கள் மேசைக்கு, விற்பதற்கு அல்ல.

இனி விஷயத்துக்கு வருவோம்.

கரித்த பீப்பாயில் கிடந்ததால்தான் அந்த விஸ்கிக்குப் புகை மணம் வந்தது என்று பலர் நினைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பூர்பன் விஸ்கி உள்ளே கரித்த புதிய ஓக் பீப்பாயில்தான் கிடக்கிறது; அதில் வனிலா மணமும் சீனிப்பாகு மணமும் இருக்கும், புகை மணம் இராது. ஐலே தீவில் புகை ஏறுவது பார்லி முளைத்தானியத்தில். முளைத்த தானியத்தை உலர்த்தும்போது பீட் என்ற சதுப்பு நிலத்து எரிமண்ணைக் கனலவிடுகிறார்கள். அந்தப் புகை தானியத்தில் படிந்து, ஊறலில் இறங்கி, வடித்த பின்னும் தங்குகிறது. மெக்சிக்கோவின் மெஸ்காலிலும் இப்படித்தான்: கற்றாழை இனச் செடியின் கிழங்கு போன்ற நடுப்பாகத்தை மண்கிடங்கில் போட்டுச் சுடும்போதே புகை ஏறிவிடுகிறது. இரண்டிலும் புகை வடிப்பதற்கு முன்னரே உள்ளே போய்விடுகிறது. நமக்கு அந்த வழி இல்லை. கையில் இருப்பது வடித்து முடிந்த சாராயம். ஆனால் ஒரு பக்கக் கதவு திறந்திருக்கிறது. ஐலே விஸ்கி கிடந்து காலியான பீப்பாயில் வேறு விஸ்கியை ஊற்றி வைத்தால் அதிலும் மெல்லிய புகை மணம் ஏறுகிறது. மரம் குடித்ததைத் திருப்பிக் கொடுக்கிறது. நம்முடைய குச்சி செய்வதும் அதையே.

மரத்தை மரமாக நிறுத்தி வைக்கும் லிக்னின் என்ற பொருள், மரம் கனலும்போது உடைந்து குவாயகோல், சிரிங்கோல் முதலிய பீனோல் வகைகளாகப் புகையில் ஏறுகிறது. புகை மணம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இவற்றைத்தான். இவை தண்ணீரைக் காட்டிலும் மதுசாரத்தில் நன்றாகக் கரையும். அதனால்தான் புகை பிடித்த குச்சி சாராயத்தில் இவ்வளவு வேகமாக இறங்குகிறது. அதே லிக்னினை எரியவிடாமல் மெதுவாக வறுத்தால் வனிலின் வரும். ஆகவே வறுத்தல் ஒரு வேலை, புகை பிடித்தல் இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே நெருப்பில் முடிக்கப் பார்க்கிறவர்களுக்குத்தான் தார் மணம் வருகிறது.

குச்சிக்கு நான் எடுப்பது சவண்டலை. சிங்களத்தில் ஹல்மில்ல என்பார்கள். இலங்கையின் சாராயக் கம்பனிகள் தலைமுறை தலைமுறையாகப் பெரிய தொட்டிகளுக்குப் பாவித்து வருவது இந்த மரத்தைத்தான். ஆங்கிலேயர் திருகோணமலை மரம் என்று பெயர் வைத்து ஏற்றுமதி செய்தார்கள்; சென்னைக் கடலில் அலை தாண்டப் போன மசூலாப் படகுகளுக்கும் இது போனது. இதன் மணம் அடக்கமானது, சாராயத்தோடு சண்டை போடாது. தேடிப் போய் வெட்டத் தேவையில்லை, வெட்டவும் கூடாது. மரத்துக்கு வனவளத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். எந்தத் தச்சுப் பட்டறையிலும் கதவுநிலை செய்த மிச்சத் துண்டு கிடக்கும். கேட்டால் தருவார்கள். அரக்குப் பூசிய துண்டையும், பூச்சிமருந்து அடித்த துண்டையும், ஒட்டுப்பலகையையும் தொடாதீர்கள்.

சவண்டலை கிடைக்காவிட்டால் நாவல் அல்லது மா. பாலையை எல்லோரும் கேட்கிறார்கள், வன்னியின் மரம் என்ற பாசம். பாலை தண்ணீரில் தாழுகிற மரம். அவ்வளவு இறுக்கத்துக்குள் புகையும் போகாது, சாராயமும் போகாது. மாதக்கணக்கில் போத்தலில் சும்மா கிடக்கும். பலாவின் வைரம், அதாவது முற்றிய நடுமரம், சாராயத்தை மஞ்சளாக்கிவிடும், அதில் இயல்பாகவே சாயம் இருக்கிறது. தேக்கில் எண்ணெய்ப் பசை. வேம்பு கசப்பு. முதிரையைச் சீவும்போது அதன் தூளே பலருக்குத் தோலில் சொறியைக் கிளப்பும். அதைக் குடிக்கிற பானத்தில் போட எனக்கு மனமில்லை.

புகைக்கு எரிக்கும் மரம் வேறு. கொய்யாக் கொப்பு முதல் தரம்: புகை மெல்லியது, பின்னால் ஒரு இனிப்பு நிற்கும். புளியும் நல்லது, அதன் தணல் நின்று எரியும். சிரட்டைப் புகை உரமானது, பீனோல் மிகுந்தது; மருந்துக் கடையை நினைவூட்டும் மணம் அதில்தான் வருகிறது. நாலு பங்கு கொய்யாவுக்கு ஒரு பங்கு சிரட்டைத் துண்டு என்பது என் கணக்கு. பனஞ்சாராயத்துக்கு மட்டும் சிரட்டையை விட்டுவிட்டு ஊமலை, அதாவது கிழங்கு எடுத்த பனங்கொட்டையை, உடைத்துப் போடுவேன். ஒடியலுக்குக் கிழங்கு கிண்டிய பிறகு பாத்தியோரம் குவித்து வைத்திருப்பார்களே, அந்த ஊமல்தான். பனையின் புகை பனையின் சாராயத்தோடு ஒட்டிப் போகிறது என்பது என் நாக்கின் தீர்ப்பு. தென்னஞ்சாராயம்தான் மேல் என்று என் மனைவியின் தம்பி சாதிப்பான், அது அவன் பாடு.

எரிக்கக் கூடாதவற்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். கடனீரேரிக் கரையில் நிற்கும் தில்லை: அதன் பால் கண்ணை அவிக்கும், புகையும் ஆகாது. அலரி, காஞ்சூரை, எருக்கலை, கள்ளி ஆகியவற்றை வளவில் குப்பையோடு கூட எரிக்க வேண்டாம். மரமுந்திரிகை விதையின் கோதில் தோலை அரிக்கும் எண்ணெய் இருக்கிறது. கோது ஒன்று கூடத் தணலில் விழக் கூடாது. பழைய ரயில் சிலிப்பர்க் கட்டைகள் இன்னும் சில வளவுகளில் கிடக்கின்றன. பாதை கழற்றிய காலத்தில் பதுங்குகுழிக்கு மேல் அடுக்கியவை அவை. உளுக்காமல் இருப்பதற்காக அவற்றில் ஏற்றியது கிரியோசோட்டு என்ற தார் எண்ணெய். அந்தக் கட்டையில் ஒரு சீவல் கூட வேண்டாம்.

வன்னியில் மட்டும் சொல்ல வேண்டிய இன்னொன்று உண்டு. இங்கே முதிர்ந்த மரத்தில் இரும்பு இருக்கும். புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து வருகிற கட்டைகளில் போர்க்கால எறிகணைத் துண்டு பட்டு வாள் பல்லுப் போன கதையை மர ஆலைக்காரர் எல்லோரும் சொல்வார்கள். மரத்தைச் சுற்றி நீலமோ கறுப்போ ஆன ஒரு கறை ஓடியிருந்தால் உள்ளே இரும்பு என்று அர்த்தம். மரத்தின் துவர்ப்புச் சத்தோடு இரும்பு சேர்ந்தால் மை ஆகிவிடும். அப்படி ஒரு குச்சி போத்தலுக்குள் போனால் சாராயம் இரண்டு நாளில் கறுத்து, வாயில் ஆணியைச் சப்பியது போல இருக்கும். கறை உள்ள துண்டை ஒதுக்குங்கள். ஆணி அடித்த இடத்தை ஒரு சாண் தள்ளி வெட்டுங்கள். கொப்பு பொறுக்குவதற்கென்று பழக்கமில்லாத காட்டுக்குள் இறங்காதீர்கள். மிதிவெடி அகற்றி முடிந்தது என்று அறிவித்த இடத்தில் மட்டும் கால் வையுங்கள். கொய்யா வீட்டு வேலியோரம் நிற்கிறது, அதற்கு ஏன் காடு?

இனி வேலை. காய்ந்த வைரத்திலிருந்து ஒரு சென்றிமீற்றர் சதுரம், எட்டுச் சென்றிமீற்றர் நீளத்தில் குச்சி அறுத்துக்கொள்ளுங்கள். நிறுத்தால் ஒவ்வொன்றும் 6 கிராம் அளவில் வரும். பச்சை மரம் ஆகாது; ஒரு வருடமாவது நிழலில் கிடந்து உலர்ந்திருக்க வேண்டும். அறுத்த முகத்தைச் சீவுளி போட்டு மழுப்பாதீர்கள். வாள் விட்ட சொரசொரப்பில்தான் புகை பிடித்து நிற்கும். குறுக்கே அறுத்த இரண்டு நுனிகளிலும் மரத்தின் குழாய்கள் வாய் திறந்திருக்கும். சாராயம் உள்ளே போய் வருவது அவற்றின் வழியாகத்தான். குச்சியை இன்னும் குட்டையாக நறுக்கினால் நுனிகள் கூடி எல்லாம் வேகமாக இறங்கும். வேகம் நல்லது என்று யார் சொன்னது? மரத்தூள் போட்டவர்கள் ஒரே இரவில் துவர்த்த கஷாயம் குடிக்கிறார்கள்.

வறுப்பதற்கு ஓவன் தேவையில்லை. கச்சான் வறுக்கிற மணலும் தாச்சியும் போதும். மணலைச் சூடாக்கி நாலு நெல்லைப் போட்டுப் பாருங்கள். நெல் பொரிந்தால் சூடு 200 பாகை செல்சியஸை எட்டிவிட்டது. விறகை இழுத்து நெருப்பைக் குறைத்துக்கொண்டு, அலுமினியத் தாளில் சுற்றிய குச்சிகளை மணலுக்குள் புதைத்துவிடுங்கள். ஒரு மணித்தியாலம். இடையில் ஒரு முறை மணலைக் கிண்டிவிட வேண்டும். பேக்கரியில் பாண் இறக்கும்போது வருகிற வாசம் எழும்பினால் சரியான வழியில் போகிறது. அது காரலாக மாறத் தொடங்கினால் உடனே இறக்குங்கள். குச்சியை ஒடித்துப் பார்த்தால் வெளியும் உள்ளும் சாயத்தேநீர் நிறத்தில் இருக்க வேண்டும்.

வறுத்த குச்சிகளில் பாதியை அப்படியே ஒரு போத்தலில் மூடி வையுங்கள், அவற்றுக்குப் புகை இல்லை. மற்றப் பாதியின் ஒரு பக்கத்தை மட்டும் தணலில் காட்டி, முதலைத்தோல் போல வெடிக்கிற வரை கரித்துக்கொள்ளுங்கள். அரை நிமிடத்துக்கு மேல் போகாது. நாலு பக்கமும் கரித்தால் குச்சி கரிக்கட்டியாகிவிடும். கரி மணத்தைக் கொடுப்பதை விட உறிஞ்சுவதே கூட.

இப்போது புகை. வாழைக்குலை பழுக்க வைக்கக் கிடங்கு வெட்டிப் புகை போடுவது இங்கே தெரியாத வீடு இல்லை. குலையை இறக்கி, மண்ணால் மூடி, முட்டி என்ற மண்பானையில் தேங்காய்ப் பொச்சுமட்டையைப் புகையவிட்டு, முட்டியின் அடி ஓட்டையால் ஊதி உள்ளே அனுப்புவார்கள். அதே கிடங்குதான் நமக்கும் வேண்டும், இரண்டு மாற்றங்களோடு.

ஒரு முழ ஆழத்தில் சிறிய கிடங்கு போதும். அதன் ஒரு பக்கத்திலிருந்து கைநீளத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டித் தகரத்தால் மூடி மண் போடுங்கள். அந்த வாய்க்காலின் மறுமுனையில்தான் முட்டி. இது முதல் மாற்றம். குலைக்கு முட்டி வாசலிலேயே இருக்கலாம். குச்சிக்குப் புகை தூரம் நடந்து ஆறி வர வேண்டும். நடக்கிற வழியில் கரிப்பிசினும் புகைக்கரியும் மண்ணில் ஒட்டிக்கொள்ளும். கிடங்குக்குள் கையை விட்டால் வெதுவெதுப்புக்கு மேல் சுடக் கூடாது. இரண்டாவது மாற்றம் அதை விட முக்கியம்: கிடங்கை அடைத்து மூடாதீர்கள். முட்டிக்கு எதிர்ப்பக்கத்தில் இரண்டு விரல் நுழைகிற ஒரு துவாரம் திறந்திருக்கட்டும். வாழைக்குலைக்குப் புகை அடைந்து நிற்பது நல்லது. குச்சியில் அடைந்து நின்ற புகை வேர்த்துத் தாராக வடியும். புகை உள்ளே வர வேண்டும், தொட வேண்டும், போக வேண்டும்.

குச்சிகளை நீத்துப்பெட்டி ஒன்றில் பரப்பி, கிடங்கின் குறுக்கே வைத்த தடியில் தொங்கவிடுங்கள். பனையோலைப் பின்னலில் புகை நன்றாக ஊடுருவும். சந்தையில் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் புட்டு அவிக்கிறதை எடுத்தால் மறுநாள் காலையில் குசினியில் விசாரணை நடக்கும், நான் பொறுப்பில்லை. தொங்கவிடுவதற்கு முன் குச்சிகளை ஈரத்துணியால் ஒரு முறை துடைத்துவிடுங்கள். முகம் சற்று ஈரமாக இருந்தால் புகை நன்றாகப் பிடிக்கும்.

முட்டிக்குள் முதலில் நன்றாக வெளுத்த சிரட்டைத் தணல், ஒரு கைப்பிடி. அதன் மேல் கொய்யாச் சீவலும் சிரட்டைத் துண்டும். சீவலைத் தண்ணீரில் ஊற வைக்கச் சொல்கிறவர்கள் உண்டு; ஊறினால் வருவது புகையும் நீராவியும் கலந்த வெள்ளைப் புழுக்கம். காய்ந்த சீவலையே போட்டு, காற்றைக் குறைத்துக் கனலவிடுங்கள். அடி ஓட்டையால் ஊதுவது எப்போதாவதுதான். சுவாலை எழும்பினால் ஒரு ஓட்டுத்துண்டால் வாயைச் சற்று மறையுங்கள். மரம் சுவாலை விட்டு அதிக சூட்டில் எரியும்போதுதான் புற்றுநோயோடு தொடர்புள்ள பென்சோபைரின் போன்றவை கூடுகின்றன. வெளித் துவாரத்தால் வரும் புகையைப் பாருங்கள். பஞ்சு மாதிரித் தடித்து வெள்ளையாக வந்தால் நீத்துப்பெட்டியை வெளியே எடுத்து வைத்துக் காத்திருங்கள். மெல்லியதாக, வெயிலுக்கு நேரே பார்த்தால் நீலம் தட்டுகிறதாக வந்தால் மறுபடி இறக்குங்கள். மூன்று மணித்தியாலம் போதும். நடுவில் ஒரு தடவை குச்சிகளைப் புரட்டிவிட வேண்டும்.

இந்த வேலைக்குக் காலம் வைகாசி முதல் ஆவணி வரை. கச்சான் காற்று அடித்து மண்ணும் விறகும் காய்ந்திருக்கும். காற்றுக்கு மறைவான பக்கத்தில் கிடங்கை வெட்டி, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த கிடுகு வேலிக்கு ஒரு பொறி காணும். கார்த்திகை மார்கழி மழையில் கிடங்கில் நீர் ஊறும், சீவல் ஈரம் குடிக்கும், புகை புளிக்கும். அந்த மாதங்களில் நான் முயல்வதேயில்லை.

புகை பிடித்த குச்சியை மூக்கருகே கொண்டுபோனால் கண் எரியும். பயப்பட வேண்டாம், உடனே போத்தலில் போடவும் வேண்டாம். சுளகில் பரப்பி நிழலில் மூன்று நாள் காற்றாடவிடுங்கள். கண்ணை எரிக்கிற காரமும் வினாகிரி போன்ற புளிப்பும் பறந்துவிடும். மிஞ்சுவது நமக்கு வேண்டிய மணம். குச்சியை வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். பழுப்புக் கறை பரவாயில்லை. கையில் ஒட்டுகிற கறுப்புப் பசை வந்தால் அது தார். அந்தக் குச்சியை எறியுங்கள்.

சாராயம் 33 முதல் 37 வீத மதுசாரம் உள்ள சாதாரணப் போத்தலே போதும். விலை கூடிய பழைய சாராயத்தை இதற்குக் கொடுப்பது வீண், அதன் நயம் புகைக்குள் அமுங்கிவிடும். சீனியும் வாசனையும் சேர்க்காத வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

எனக்கு இதில் ஒரே ஒரு பிடிவாதம் உண்டு: முழுப் போத்தலுக்கு நேரே புகைக்குச்சி போடக் கூடாது. ஒரு நாள் கூடினால் 750 மில்லிலீற்றரும் கெட்டுப்போகும். புகையை ஏற்றலாம், இறக்க முடியாது. ஆகவே இரண்டு கண்ணாடிப் போத்தல்கள். பெரியதில் 750 மில்லிலீற்றர் சாராயமும் புகையில்லாத வறுத்த குச்சி ஒன்றும். சிறியதில் 180 மில்லிலீற்றர் சாராயமும் புகைக்குச்சி ஒன்றும். சிறியதைப் புகைத்தாய் என்று எங்கள் வீட்டில் சொல்கிறோம். பிளாஸ்ரிக் போத்தல் வேண்டாம், மதுசாரம் அதன் மணத்தை இழுக்கும். தகர மூடியின் உள்பக்கம் துருப்பிடித்திருந்தால் தூக்கி எறியுங்கள். இரும்பும் துவர்ப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று மேலே சொன்னேன்.

புகைத்தாய் எங்கள் வெப்பத்தில் 10 நாளில் தயார், மிஞ்சினால் இரண்டு வாரம். குச்சியை எடுத்துவிட்டு மூடி வையுங்கள். பெரிய போத்தலுக்கு ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை மூடியைத் திறந்து, சற்றுக் குலுக்கி, மூடுங்கள். பீப்பாயில் மரத்தின் ஊடாகக் காற்று கசிந்து உள்ளே வரும். கண்ணாடியில் அது நடக்காது, ஆகவே நாம்தான் கொடுக்க வேண்டும். நிறம் ஏறுகிற வேகத்தைப் பார்த்துக் குடிக்கும் காலத்தை முடிவு செய்யாதீர்கள். நிறம் முதல் வாரத்திலேயே வந்துவிடும், மென்மை அதற்குப் பின்னால் ஆறுதலாக நடந்து வரும்.

வைக்கிற இடம் இருட்டாக, தகரக் கூரைக்குத் தூரமாக இருக்கட்டும். அடுப்புக்கு மேலே பரணில் வைத்தால் புகையும் சேர்ந்து ஏறும் என்று ஒருவர் எனக்கே பாடம் நடத்தினார். மூடிய கண்ணாடிக்குள் எந்தப் புகை ஏறும்? ஆபத்து மட்டும் ஏறும். 40 வீத மதுசாரக் கலவையின் ஆவி 26 பாகை செல்சியஸ் அளவிலேயே தீப்பற்றத் தொடங்கும். முல்லைத்தீவில் நிழலிலேயே 30 பாகையைத் தாண்டுகிறது. அதாவது திறந்த சாராயப் போத்தலுக்குக் கிட்ட ஒரு சுவாலை வந்தால் பிடிக்கும். போத்தலைத் திறக்கிற இடத்தில் அடுப்பு, குப்பி விளக்கு, சுருட்டு எதுவும் கூடாது. கிடங்கு வேலையும் போத்தல் வேலையும் ஒரே நாளில் வேண்டாம்.

கலப்பதுதான் இந்தத் தொழிலின் சுகமான பகுதி. பாமசியில் ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்று வாங்குங்கள். நாலு சிறிய கிளாஸ்களில் பெரிய போத்தலிலிருந்து 20 மில்லிலீற்றர் வீதம் ஊற்றி, புகைத்தாயிலிருந்து முதலாவதுக்கு அரை மில்லிலீற்றர், அடுத்ததுக்கு ஒன்று, பிறகு ஒன்றரை, கடைசியாக இரண்டு. ஒவ்வொன்றிலும் சாராயத்தின் அளவுக்கே தண்ணீர் சேர்த்த பிறகு மணந்து பாருங்கள். தண்ணீர் சேர்ந்தால்தான் மறைந்திருக்கிற காரம் வெளியே வரும். காலையில் செய்யுங்கள். அடுப்படியில் நின்றவருக்கும் கிடங்குப் பக்கம் போய் வந்தவருக்கும் மூக்கில் புகை பழகியிருக்கும். அவர்கள் எப்போதும் இன்னும் போடு என்பார்கள். நாலாவது கிளாஸைத் தாண்டும்போது எந்த மூக்கும் பொய் சொல்லும், முற்றத்துக்குப் போய் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். பாதியைத் துப்பிவிடுவதில் வெட்கமில்லை.

எங்கள் வீட்டுக்குப் பிடித்தது ஒரு மில்லிலீற்றர் சேர்த்த கிளாஸ். 20க்கு ஒன்று என்றால் 750க்கு 37.5 மில்லிலீற்றர். அந்தக் கணக்குக்குப் போத்தலில் இடம் வேண்டுமே. குச்சி குடித்ததும் நீங்கள் குடித்துப் பார்த்ததும் அந்த இடத்தைத் தந்திருக்கும். கலந்த பின் இரண்டு வாரம் தொடாமல் வையுங்கள். முதல் நாள் புகை தனியாகவும் சாராயம் தனியாகவும் நிற்கும், பிறகுதான் ஒன்றோடொன்று சேரும். பின் காப்பி வடிகட்டுகிற தாளில் ஒரு முறை வடித்துவிடுங்கள். தாள் கிடைக்காவிட்டால் நாலாக மடித்த வெள்ளைப் பருத்தித் துணி. வடித்ததைக் கிளாஸில் விட்டு மேல்முகத்தைச் சாய்த்துப் பாருங்கள். எண்ணெய்ப் படலம் வட்டமிட்டால் இன்னொரு முறை வடிக்க வேண்டும். அதற்குப் பிறகும் நின்றால் அதைக் குடிக்கத் தேவையில்லை.

புகை கூடிவிட்டது என்று தெரிந்தால் சீனி போட்டுச் சமாளிக்க வேண்டாம். இனிப்புத் தார் இன்னும் கொடுமை. வெறும் சாராயம் மூன்று பங்கு சேர்த்து மறுபடி மணந்து பாருங்கள். போத்தலுக்குள் புகை ஊதி மூடிக் குலுக்குகிற குறுக்குவழியும் உண்டு, விருந்தில் காட்டுவதற்கு அழகாக இருக்கும். மணம் அன்றிரவு தங்கி மறுநாள் போய்விடும்.

மிஞ்சிய புகைத்தாய் மூடிய போத்தலில் கெடாது. அதன் மேல் மரத்தின் பெயர், புகையின் பெயர், மாதம், வருடம் எழுதி ஒட்டுங்கள். எழுதாத போத்தலை வைத்துக்கொண்டு அடுத்த வருடம் இது ஊமலா சிரட்டையா என்று மூன்று பேர் அடிபட்டுக்கொள்வார்கள். ஒரு முறை ஊறிய புகைக்குச்சியை இன்னொரு 180 மில்லிலீற்றருக்குப் போடலாம். ஊறும் நாட்களை இரண்டு மடங்காக்குங்கள். அதன் பிறகு அது வெறும் விறகு. ஆனால் நனைந்தபடி அடுப்பில் போட்டுவிடாதீர்கள், குப்பென்று பிடிக்கும். வெயிலில் இரண்டு நாள் காய்ந்த பிறகு போடுங்கள்.